மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு

(மாவட்ட நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேச ஒரே ஒரு கேள்வியைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். மனநோய்க்குக் கொடுக்கிற மருந்து வேலை செய்கிறதா? எந்த அளவுக்குச் செய்கிறது? யாருக்குச் செய்கிறது? மருந்துக் கம்பெனியின் வழவழப்பான காகிதத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி, மாத்திரைப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போன மனிதருக்கு அடுத்த ஐந்து ஆண்டில் என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். அதை அளக்க முடியுமா? முடியும் என்றுதான் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அளக்கிற வழியில் வழுக்குகிற இடங்கள் பல. பேச்சின் பெரும்பகுதி அந்த இடங்களைப் பற்றித்தான் இருக்கும்.

சர்க்கரை நோய் என்றால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ரத்த அழுத்தம் என்றால் கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கலாம். மனச்சிதைவு நோய்க்கு எதைச் சுற்றிப் பார்ப்பது? காதில் கேட்கும் குரல் குறைந்ததா என்று அவரையே கேட்க வேண்டும். ராத்திரி தூங்கினாரா என்று அவர் அம்மாவைக் கேட்க வேண்டும். வேலைக்குத் திரும்பினாரா, திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா என்று ஊரைக் கேட்க வேண்டும். இந்தத் துறையில் அளவுகோல் என்பதே மனிதர்களின் வாழ்க்கைதான்.

நம் நாட்டிலிருந்தே ஒரு கதையைத் தொடங்குகிறேன். சர்ப்பகந்தி என்ற செடி நம் வைத்தியர்களுக்குப் பழக்கமானது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், அதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, சித்தம் கலங்கியவர்களை அமைதிப்படுத்துகிறது என்று இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். இருபது ஆண்டுக்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதை நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நேத்தன் க்ளைன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1954இல் முடிவை வெளியிட்டார்.

மருந்து வேலை செய்கிறது என்பதை அங்கே முதலில் கவனித்தவர் யார் தெரியுமா? டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றுகிற தொழிலாளி என்று ஒரு செய்தி க்ளைனைப் பற்றிய வரலாறுகளில் வருகிறது. ரெசர்பின் கொடுத்த வார்டுகளில் கண்ணாடி உடைவது குறைந்துவிட்டதாம். நினைத்துப் பாருங்கள். அந்தத் தொழிலாளியிடம் எந்தக் கேள்வித்தாளும் இல்லை. எந்த வார்டில் என்ன மருந்து என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இந்த மாதம் எத்தனை கண்ணாடி.

நான் இன்று சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இந்தக் கண்ணாடிக் கணக்குத்தான் முன்னோடி. நோயாளிக்காக என்று தனியாக எடுக்காத கணக்கு. எப்படியும் நடக்கிற வேலையில் தானாகச் சேர்ந்த கணக்கு. மருந்துக்கடை பில், ஆஸ்பத்திரி சேர்க்கைப் புத்தகம், மரணப் பதிவு, வேலைக்கு வராத நாள் என்று இவையெல்லாம் அந்த வகை. ஆங்கில மருத்துவ உலகம் இதற்கு இன்று பெரிய பெயர் வைத்திருக்கிறது. நாம் நடைமுறைத் தரவு என்று சொல்லிக்கொள்வோம்.

ஆனால் உடனே ஒரு மாணவர் கை தூக்க வேண்டும். ஐயா, கண்ணாடி குறைந்தது மருந்தாலா? அந்த வார்டுக்குப் புதிய டாக்டர் வந்ததாலா? ஊழியர்கள் அதிகக் கவனம் எடுத்ததாலா? மிகவும் முரடான நோயாளி வேறு வார்டுக்கு மாற்றப்பட்டதாலா? கேட்க வேண்டிய கேள்விதான். இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் குலுக்கல் முறை ஆய்வு வந்தது.

குலுக்கல் முறை என்றால் என்ன? இருநூறு பேரை எடுத்துக்கொள்வது. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது. நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆறு வாரமோ எட்டு வாரமோ கழித்து அளப்பது. அளப்பதற்குக் கேள்விப் பட்டியல் உண்டு. மனச்சோர்வுக்கு 1960இல் மேக்ஸ் ஹாமில்டன் உருவாக்கிய பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தூக்கம் எப்படி, பசி எப்படி, குற்ற உணர்ச்சி எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவார்கள். இந்த முறையை நான் குறை சொல்ல வரவில்லை. மருந்தையும் நம்பிக்கையையும் பிரித்துக் காட்ட இதைவிட நேர்மையான வழியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு என்ன குறை? குலுக்கலுக்கு முன்னால் வாசலில் ஒரு காவல்காரர் நிற்கிறார். அதுதான் குறை. குடிப்பழக்கம் உண்டா, வெளியே போ. தற்கொலை எண்ணம் உண்டா, வெளியே போ. சர்க்கரை, இதய நோய் உண்டா, வயது அறுபத்தைந்தைத் தாண்டியதா, வயிற்றில் குழந்தையா, வெளியே போ. ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் மனச்சிதைவு நோயாளிகள் 25,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்து, வழக்கமான மருந்து ஆய்வுகளின் விதிகளை அவர்கள்மேல் பொருத்திப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது. 79 சதவீதம் பேருக்கு உள்ளே இடமில்லை!

ஐந்தில் நான்கு பேர்! நாம் ஓ.பி.யில் தினமும் பார்க்கிற நோயாளி யார்? அந்த நான்கு பேரில் ஒருவர்தான். அவருக்கு எழுதிக் கொடுக்கிற மருந்தைச் சோதித்தது யார்மேல்? அந்த ஐந்தாவது ஆள்மேல். அதுவும் ஆறு வாரம், எட்டு வாரம். நம் நோயாளி சாப்பிடப்போவதோ ஆறு ஆண்டு, பதினாறு ஆண்டு.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வடக்கு ஐரோப்பிய நாடுகள் வந்தன. டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து. அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு எண். பிறந்தது முதல் இறக்கும்வரை அதே எண். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால் அந்த எண்ணில் பதிவு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்த எண்ணில் பதிவு. இறந்தால் காரணத்தோடு பதிவு. ஸ்வீடனில் 2005 ஜூலை முதல் நாடு முழுக்க மருந்துக்கடை வினியோகப் பதிவேடு இருக்கிறது. மூன்று பதிவேட்டையும் பெயர் நீக்கி ஒன்றோடொன்று கோர்த்தால் ஒரு நாட்டின் மனநோயாளிகள் அத்தனை பேரும் கண்முன்னே வருகிறார்கள். வாசலில் காவல்காரர் கிடையாது. குடிக்கிறவரும் இருக்கிறார், கர்ப்பிணியும் இருக்கிறார், கிழவரும் இருக்கிறார்.

முதலில் தெரிந்தது என்ன? மருந்தின் பலத்தைப் பற்றிய செய்தி அல்ல, அதைவிடச் சாதாரணமான ஒன்று. ஃபின்லாந்தில் மனச்சிதைவுக்காக முதல்முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்து வெளியே வந்த 2,588 பேரைப் பார்த்தார்கள். வெளியே வந்த முப்பது நாளுக்குள் மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கியவர்கள் 58 சதவீதம். முப்பது நாளாவது தொடர்ந்து எடுத்தவர்கள் 46 சதவீதம். சீட்டு எழுதியாயிற்று, டாக்டர் கையெழுத்துப் போட்டாயிற்று, பாதிக்கு மேற்பட்டவர்கள் மருந்தில் இல்லை! மருந்துச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிற நாடு அது. சாப்பிடாத மாத்திரையின் பலனை எந்தக் கேள்விப் பட்டியலால் அளப்பீர்கள்?

இனி வழுக்குகிற இடங்களுக்கு வருகிறேன். பதிவேட்டில் கோடிக்கணக்கான வரிகள் இருக்கின்றன என்பதால் உண்மை தானாக வந்து நின்றுவிடுமா? நிற்காது. பெரிய கணக்கு பெரிய பொய்யையும் சொல்லும்.

முதல் வழுக்கல். மருந்து வாங்குகிறவர்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிட்டால், வாங்குகிறவர்களுக்கே நோய் அதிகமாக இருக்கும். மழையில் குடை பிடித்து வந்தவர் கொஞ்சம் நனைந்திருப்பார், வீட்டிலேயே இருந்தவர் நனைந்திருக்கமாட்டார். குடைதான் நனைத்தது என்று யாராவது சொல்வோமா? ஆனால் பதிவேட்டை எடுத்து அவசரமாகக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். பெரிய டோஸ் கொடுத்தவர்கள் அதிகம் பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஆகவே பெரிய டோஸ் கெடுதல் என்று வரும். நோய் முற்றியதால்தான் பெரிய டோஸ் என்பது அந்தக் கணக்கில் தெரியாது. பத்திரிகையில் தலைப்பாகிற பல செய்திகள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுந்திருக்கின்றன.

இரண்டாவது வழுக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. இதற்கு மனநோய்க்கு வெளியே ஒரு உதாரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களிடம் கொழுப்பைக் குறைக்கும் மருந்தைச் சோதித்தார்கள். 1980இல் வந்த முடிவு. மருந்தை விடுங்கள். வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களை மட்டும் பாருங்கள். அவர்களில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் இறந்தவர்கள் 28 சதவீதம். சாப்பிட்டது என்ன? மருந்தே இல்லாத மாத்திரை! அது உயிரைக் காப்பாற்றுமா? காப்பாற்றாது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர் நேரத்துக்குச் சாப்பாடும் சாப்பிடுகிறார், டாக்டரிடம் போகிறார், வீட்டில் கவனிக்க ஆள் இருக்கிறது. உயிரைக் காத்தது அந்த வாழ்க்கை.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கேளுங்கள். ஃபின்லாந்தில் மனச்சிதைவு நோயாளிகள் 62,250 பேரை இருபது ஆண்டுவரை தொடர்ந்தார்கள். 2020இல் வெளியான கணக்கு. மனநோய் மருந்து எடுக்காத காலத்தில் மரண விகிதம் 46 சதவீதம், ஏதோ ஒரு மருந்து எடுத்த காலத்தில் 26, அவற்றில் க்ளோசபைன் என்ற மருந்தை எடுத்த காலத்தில் 16. மருந்து ஆளைக் கொல்கிறது என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இது பலமான பதில். அதேசமயம் இந்த வித்தியாசம் முழுவதும் மாத்திரையின் புண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன். வெற்று மாத்திரைக் கதையைக் கேட்ட பிறகு நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு மனிதரை இன்னொரு மனிதரோடு ஒப்பிடுவதால்தானே சங்கடம்? அவரை அவரோடு மட்டும் ஒப்பிட்டால்? மருந்தில் இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும், ஒரே ஆளின் வாழ்க்கையில் எடுத்துப் பார்த்தால்? மரபணு அதே, அம்மா அப்பா அதே, தெரு அதே, குணம் அதே.

இந்த யோசனைக்குக் கணினி வேண்டியதில்லை. டென்மார்க்கில் போல் பாஸ்ட்ரூப், மோகன்ஸ் ஷோ என்ற இருவர் 1967இலேயே செய்துகாட்டினார்கள். லித்தியம் என்ற உப்பு பித்துநிலையை அடக்கும் என்று ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் 1949இல் கண்டிருந்தார். அது நோய் திரும்பத் திரும்ப வருவதையும் தடுக்குமா என்பது இவர்கள் கேள்வி. 88 நோயாளிகளின் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்தார்கள். லித்தியத்துக்கு முன் ஒவ்வொருவருக்கும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நோய் வந்தது? சராசரி எட்டு மாதம். லித்தியம் தொடங்கிய பின்? ஐந்தாண்டுக்கு ஒருமுறைகூட வருவது அரிது.

கைதட்டலா கிடைத்தது? அடுத்த ஆண்டே லண்டனிலிருந்து பேரி ப்ளாக்வெல், மைக்கேல் ஷெப்பர்ட் என்ற இருவர், லித்தியத்தின் தடுப்புச் சக்தி இன்னொரு மருத்துவக் கட்டுக்கதைதானோ என்று தலைப்பிலேயே கேட்டு எழுதினார்கள். அவர்கள் வாதத்தில் சாரம் இருந்தது. ஒருவருக்கு எப்போது லித்தியம் தொடங்குகிறீர்கள்? அடிக்கடி நோய் வந்து அல்லாடுகிற நேரத்தில். உச்சத்தில் இருப்பது தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தையும் மருந்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள் என்றார்கள். ஷோவின் உடன்பிறந்தவருக்கே லித்தியத்தால் குணம் கிடைத்திருந்தது. நம்பிக்கை கண்ணை மறைக்காதா என்ற சந்தேகமும் எழுந்தது.

ஷோ என்ன செய்தார்? குலுக்கலுக்கு இறங்கினார். மனமில்லாமல்தான் இறங்கினார். பலன் தருகிறது என்று தான் நம்பும் மருந்தை நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை கொடுக்க எந்த டாக்டருக்கு மனம் வரும்? ஏற்கெனவே லித்தியத்தில் நன்றாக இருந்த 84 பேர். 45 பேருக்கு லித்தியம் தொடர்ந்தது, 39 பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து மாதம். வெற்று மாத்திரைக்காரர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியத்தில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு? ஒருவருக்கும் இல்லை. 1970இல் வெளியானது. அந்த 21 பேரின் துன்பத்தை நினைத்தால் இந்த ஆய்வைக் கொண்டாட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேஸ் ஷீட்டு சொன்னது சரிதான் என்று காட்ட அவர்கள் விலை கொடுத்தார்கள். மருந்தைத் திடீரென்று நிறுத்தியதே நோயைக் கிளப்பியிருக்கலாம் என்ற ஐயமும் பிற்காலத்தில் எழுந்தது. நிறுத்துவதும் ஒரு நிகழ்ச்சி, அதற்கும் விளைவு உண்டு. இதை அடிக்கோடிட்டு வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அந்தக் கேஸ் ஷீட்டு யோசனையை ஸ்வீடனின் முழுப் பதிவேட்டில் நடத்திக்காட்டியவர்களில் முக்கியமானவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த யாரி டீஹோனன். 2017இல் வந்த ஆய்வு. 29,823 மனச்சிதைவு நோயாளிகள், 2006 முதல் 2013 வரை. கணக்கு எப்படி நடக்கிறது என்று ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். கற்பனை ஆள்தான். முதல் பத்து மாதம் மாத்திரை, அதில் ஒருமுறை ஆஸ்பத்திரி. அடுத்த எட்டு மாதம் எந்த மருந்தும் வாங்கவில்லை, மூன்று முறை ஆஸ்பத்திரி. பிறகு இரண்டு ஆண்டு மாதாமாதம் ஊசி, ஒருமுறை மட்டும் ஆஸ்பத்திரி. இவருடைய காலத்தை இப்படித் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இவருடைய மற்றத் துண்டுகளோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். பிறகு அடுத்த ஆள். பிறகு அடுத்த ஆள். அப்படி முப்பதாயிரம் பேர்.

முடிவு? மருந்தில்லாத காலத்தோடு பார்த்தால், மாதம் ஒருமுறை போடும் பாலிபெரிடோன் ஊசிக் காலத்தில் மறுபடி ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்து ஏறக்குறையப் பாதி. க்ளோசபைனுக்கும் அதே. சூக்ளோபென்திக்ஸால் என்ற பழைய ஊசிக்கும் அதே. இன்னொரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பெர்ஃபினசின் என்று ஒரு பழைய மருந்து. ஊசியாகப் போட்டபோது அது மேல் வரிசையில் நிற்கிறது. மாத்திரையாகக் கொடுத்தபோது பட்டியலின் அடிவரிசைக்குப் போய்விடுகிறது. மருந்து ஒன்றுதான். மாறியது, அது உடம்புக்குள் போனதா இல்லையா என்பதுதான்.

இந்த ஊசி விவகாரத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பல ஆண்டுகள் வல்லுநர்கள் இதில் முட்டிக்கொண்டார்கள். குலுக்கல் ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிய கிஷிமோட்டோ குழுவினர் 2014இல் சொன்னது: மாத்திரையைவிட ஊசி மொத்தத்தில் மேலானதாகத் தெரியவில்லை. அதே குழு 2013இல், ஊசிக்கு முன்னும் பின்னும் ஒரே ஆளைப் பார்த்த ஆய்வுகளைக் கூட்டிச் சொன்னது: ஊசி வெகு தூரம் முன்னால் நிற்கிறது. ஒரே குழு, ஒரே மருந்து, இரண்டு தீர்ப்பு. எது பொய்?

இரண்டுமே பொய்யில்லை என்பது என் கட்சி. குலுக்கல் ஆய்வில் சேருகிற நோயாளி யார்? கையெழுத்துப் போட்டு வருகிறவர், குறித்த நாளில் வருகிறவர். அவருக்குப் போன் செய்து நினைவூட்ட ஒரு ஊழியர் இருக்கிறார். மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்க்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் மாத்திரையும் ஒழுங்காக உள்ளே போய்விடுகிறது. மறந்துபோகிறவருக்குத்தான் ஊசி உதவும். மறப்பதற்கே வழியில்லாத இடத்தில் ஊசிக்கு என்ன வேலை? மறுபக்கம், முன்னும் பின்னும் பார்க்கிற கணக்கில் ஷெப்பர்ட் சொன்ன குறை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது: மோசமான நேரத்தில் ஊசி தொடங்கினால் பிறகு வருவதெல்லாம் நல்லதாகவே தெரியும். 2021இல் அதே குழு குலுக்கல் ஆய்வு, முன்-பின் ஆய்வு, ஊசிக்காரர்களையும் மாத்திரைக்காரர்களையும் பின்தொடர்ந்து ஒப்பிடும் ஆய்வு என்று மூன்று வகைகளையும் சேர்த்து மறுபடி கூட்டியபோது மூன்றிலுமே ஊசியின் கை ஓங்கியிருந்தது. வெவ்வேறு குறையுள்ள சாட்சிகள் ஒரே வார்த்தையைச் சொன்னால் நம்பலாம். ஒரு சாட்சி மட்டும் சத்தமாகச் சொன்னால் பொறுங்கள்.

க்ளோசபைனின் கதையும் ஃபின்லாந்தைச் சுற்றியே நடந்தது. 1975இல் அங்கே அந்த மருந்தைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் வெள்ளணு திடீரென வீழ்ந்து, எட்டுப் பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து மூலைக்குப் போனது. 1988இல் ஜான் கேன் என்பவர் தலைமையில் நடந்த குலுக்கல் ஆய்வுதான் அதை மீட்டது. வேறு மருந்துக்குக் கேட்காத நோயாளிகளில் க்ளோசபைனுக்கு 30 சதவீதம் பேர் தேறினார்கள், குளோர்புரோமசின் என்ற பழைய மருந்துக்கு 4 சதவீதம். அடுத்த ஆண்டு அமெரிக்கா அனுமதித்தது. வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்ற கட்டளையோடு. எட்டு மரணத்தை மறைக்காமல் எண்ணிச் சொன்ன அதே ஃபின்லாந்துதான், 2009இல் 66,881 பேரின் பதிவை வைத்து, மனச்சிதைவு மருந்துகளில் மரணம் மிகக் குறைவாக இருப்பது க்ளோசபைனில்தான் என்றும் சொன்னது. அதிலும் விமரிசனம் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் நடந்த மரணங்கள் கணக்கில் சேரவில்லை என்றார்கள். ரத்தம் எடுக்க அடிக்கடி வருகிறவரை நர்ஸ் அடிக்கடி பார்க்கிறார், அதனால் அவர் பிழைக்கிறார் என்றும் வாதிட்டார்கள். நியாயமான வாதம். ஆனால் அது உண்மையானால், அடிக்கடி பார்த்தாலே உயிர் தங்கும் என்றாகிறது. அதையும் நாம் மருந்தாக எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே!

மனச்சோர்வு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஸ்டார்-டி என்று ஒரு பெரிய முயற்சி. 4,041 பேர், சாதாரண ஓ.பி. நோயாளிகள். ஒரு மருந்து கேட்காவிட்டால் அடுத்தது என்று நான்கு படி. மொத்தத்தில் 67 சதவீதம் பேர் குணமானார்கள் என்ற எண் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறியது. அந்த எண்ணுக்குள் ஒரு அனுமானம் இருந்தது: நடுவில் விட்டுப்போனவர்களும் தொடர்ந்திருந்தால் மற்றவர்கள் அளவுக்குக் குணமாகியிருப்பார்கள் என்று. 2023இல் மூலத் தரவைத் திரும்ப எடுத்து, முதலில் வகுத்த விதிப்படியே கணக்குப் போட்டவர்கள் 35 சதவீதம் என்றார்கள். தரவு அதே. யாரைக் கணக்கில் சேர்ப்பது, எந்தப் பட்டியலால் அளப்பது, விட்டுப்போனவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதில்தான் வித்தியாசம். இதைக் கேட்டு மருந்தே வீண் என்று கிளம்பிவிடாதீர்கள். மூன்றில் ஒருவருக்குக் குணம் என்பது சிறிய விஷயமல்ல. மற்ற இருவரிடம் பொய் நம்பிக்கை சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருகிறேன். நம்மிடம் அந்த எண் இல்லையே, பதிவேடு இல்லையே என்று கையைப் பிசைய வேண்டாம். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் மனச்சிதைவு புதிதாகத் தொடங்கிய 90 பேரைக் குறித்துக்கொண்டு, பத்தாண்டு, இருபதாண்டு என்று விடாமல் பின்தொடர்ந்தார்கள். டாக்டர் ஆர். தாராவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த ஆய்வு இன்றும் உலக நூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. எண்ணிக்கை 90தான். ஆனால் ஆள் ஆளாகத் தெரிந்த 90. ஃபின்லாந்துப் பதிவேட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது தெரியும். அவர் கல்யாணம் செய்துகொண்டாரா, கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறாரா என்பதை நேரில் போனால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நம் நாட்டில் ஆஸ்பத்திரிச் சேர்க்கையை மட்டும் வைத்து அளந்தால் தப்பாகப் போகும் என்றும் நினைக்கிறேன். இங்கே நோய் முற்றினாலும் பலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில்லை. வீட்டிலேயே வைத்துச் சமாளிக்கிறார்கள், கோயிலில், தர்காவில் தங்கவைக்கிறார்கள். பதிவில் சேர்க்கை இல்லை என்றால் நலமாக இருக்கிறார் என்று அர்த்தமாகாது. நமக்கு வேறு கண்ணாடிக் கணக்கு வேண்டும். எத்தனை நாள் வேலைக்குப் போனார்? எத்தனை ராத்திரி தூங்கினார்? கூட இருக்கும் அம்மா எத்தனை நாள் வேலையை விட்டார்? இதையெல்லாம் எழுதிவைக்க ஸ்வீடன் தேவையில்லை, ஒரு நோட்டு போதும்.

ஆகவே நண்பர்களே, மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள்.

மருத்துவ மாணவர்களே, கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரையும் டோஸையும் எழுதுகிறீர்கள். நிறுத்திய தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். மருந்து கேட்கவில்லையா, உடம்பு பருத்ததா, கடையில் கிடைக்கவில்லையா, காசு இல்லையா? பத்தாண்டுக்குப் பிறகு யாராவது அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், ஏன் நிறுத்தினார்கள் என்ற அந்த ஒரு வரிதான் விலைமதிப்புள்ளது.

அதிகாரத்தில் இருப்பவர்களே, மாவட்ட மனநலத் திட்டத்தில் மாதாமாதம் இலவசமாக மாத்திரை கொடுக்கிறோம். நல்ல காரியம். எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று கணக்கு வைப்பது கிட்டங்கி வேலை. வாங்கியவர் அடுத்த மாதம் வந்தாரா, வராதவர் என்ன ஆனார் என்று கணக்கு வையுங்கள். பெயரை நீக்கி, ரகசியம் காத்து வையுங்கள். மனநோயாளியின் தகவலை வெளியே விடக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

கடைசியாக, குடும்பத்தாருக்கு. அதே சட்டம், நோயாளிக்குத் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதியில் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது மாற்றினார்கள், எப்போது விட்டுப்போயிற்று, அந்த வாரங்களில் தூக்கம் எப்படி, வேலை எப்படி. டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டை மேசைமேல் வையுங்கள். இந்த மருந்து உங்கள் மகனுக்கு, உங்கள் மனைவிக்கு வேலை செய்கிறதா என்பதற்கு உலகத்தின் எந்தப் பதிவேட்டைவிடவும் அந்த நோட்டு நெருக்கமான சாட்சி. அதில் எதைப் பார்த்தாலும், என்ன சந்தேகம் வந்தாலும், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடிக்கோடிடச் சொன்னேனே, அந்த 21 பேருக்காகச் சொன்னேன். குறைப்பதோ மாற்றுவதோ டாக்டரோடு பேசி, படிப்படியாக நடக்கட்டும்.

நோட்டுக்கு இன்று இரவே முதல் தேதியைப் போடுங்கள்.